லண்டனில் பழைய 'என் ஸ்கேல்' (N) ரெயில் செட் கிடைக்கிறது, வாங்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் லண்டன் மாமா, அங்கே ஒருவர் விற்கும் பழைய 'என் ஸ்கேல்' (9 மி.மீ. பாதையில் ஓடும் சின்ன அளவு) மாதிரி ரெயில் செட் ஒன்றை வாங்கிவரத் தயாராம். இரண்டு டீசல் எஞ்சின், ஆறு பயணிகள் பெட்டி, பாதைக்குக் கரண்ட் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கொன்ட்ரோலர், ஒரு பை நிறையத் தண்டவாளம். "இருபது வருடமாகப் பரணில் கிடந்தது, ஓட்டிப் பார்க்கவில்லை" என்கிறாராம் விற்பவர். ரொறன்ரோவில் பெரியப்பா விட்டுப்போன செட் ஒன்றும் இருக்கிறது, பெரியம்மா கொடுத்துவிடச் சம்மதம். எதை எடுப்பது, இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா, வீட்டில் உள்ள நாலடிக்கு இரண்டரையடி மேசை போதுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. பெட்டிகளைப் பயமில்லாமல் எடுங்கள். தண்டவாளம் எந்த உலோகம் என்று கேட்டுவிட்டு எடுங்கள். எஞ்சின்கள் ஓடுவதைக் கண்ணால் காணாமல் அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ரொறன்ரோ செட்டில் உள்ள கொன்ட்ரோலரை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். மேசை தாராளமாகப் போதும்.

இனி விளக்கம். லண்டனில் இருப்பவர் பழைய சாமான் வாங்குவதற்கும் நாங்கள் வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பிழைத்துப்போனால் அவர் திருப்பிக் கொடுப்பார், அல்லது அங்கேயே ஒரு கடையில் உதிரிப்பாகம் தேடுவார். இங்கே அது நடக்காது. கஸ்தூரியார் வீதி முழுக்க நடந்தாலும் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினுக்கு ஒரு கியர் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு சாமானையும் பார்க்கும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: இது நின்றுபோனால் திறந்து, என்னிடம் உள்ளதைக் கொண்டு நானே சரிசெய்ய முடியுமா? அதற்கு "ஓம்" என்ற பதில் வராவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்குவதில்லை.

அளவு பற்றிச் சுருக்கமாக. என் ஸ்கேல் என்றால் தண்டவாளத்தின் அகலம் எல்லா நாட்டிலும் 9 மி.மீ. தான். ஆனால் மேலே ஓடும் வண்டியின் விகிதம் மாறும். ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவில் 1:160. பிரித்தானியாவில் 1:148. ஜப்பானில் சாதாரண வண்டிகள் 1:150, அதிவேக சின்கன்சென் மட்டும் 1:160. ஆகவே லண்டன் எஞ்சினும் ரொறன்ரோ பெட்டியும் ஒரே பாதையில் ஓடும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பிரித்தானிய வண்டி கொஞ்சம் பருத்துத் தெரியும். ஓடுவதற்கு அது தடையில்லை. தடையாக வருவது வண்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் கொக்கிதான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இசட் ஸ்கேல் இன்னும் சின்னது: 6.5 மி.மீ. பாதை, 1:220 விகிதம். 1972இல் மேர்க்ளின் நிறுவனம் கொண்டுவந்தது. ஜேர்மனி, சுவிஸ் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இது பழையதாகக் கையில் வரும். அழகான சாமான், ஆனால் முதல் செட்டாக வேண்டாம். உள்ளே உள்ள எண்ணெய் வருடக்கணக்கில் உறைந்து பிசின் போலாகிவிடும். அதைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்ட, கைக்கடிகாரம் திருத்துபவரின் கையும் பொறுமையும் வேண்டும். மோட்டரும் 12 வோல்ட் தாங்காது, பழைய இசட் செட்டுகள் 8 வோல்ட்டுக்குச் செய்தவை. என் ஸ்கேல் கொன்ட்ரோலரில் பூட்டி முழு வேகத்தில் விட்டால் எரித்துவிடலாம்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். காசு போவதும் மனம் நோவதும் இதிலேதான்.

இருபது வருடம் பரணில் இருந்த எஞ்சினுக்கு மூன்று வியாதி வரலாம். முதலாவது உறைந்த கிறீஸ். எஞ்சினுக்குக் கரண்ட் கொடுத்தால் 'ம்ம்' என்று முனகும், நகராது. பயந்துவிட வேண்டாம், இது மாறக்கூடிய வியாதி. மேல்மூடியைக் கழற்றி, மஞ்சள் பசையாக ஒட்டியிருப்பதை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெய் ஊசிமுனையளவு வைத்தால் பெரும்பாலும் ஓடும். ஊசிமுனையளவு என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு துளி விட்டால் அது மோட்டரின் காபன் பிரஷுக்குள் இறங்கிக் கரியோடு சேர்ந்து சேறாகிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விட வேண்டாம், அது மறுபடியும் பிசினாகும்.

இரண்டாவது வெடித்த கியர். பழைய எஞ்சின்கள் பலவற்றில் சில்லின் அச்சுத்தண்டை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு நைலோன் கியர். காலம் போக அது சுருங்கும், உள்ளே இருக்கும் உலோகத் தண்டு சுருங்காது. கடைசியில் கியரில் ஒரு கீறல் விழும். என்னிடம் வந்த ஒரு எஞ்சின் நேராகத்தான் ஓடியது, ஆனால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம். வேகமாக ஓட்டினால் அந்தச் சத்தம் மறைந்துவிடும். மெதுவாக ஓட்டியபோதுதான் ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் மெல்லத் தூக்கி விழுவது தெரிந்தது. அடிமூடியைக் கழற்றி, வெயில் விழும் இடத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு பல்லுக்கு நடுவில் தலைமயிர் மொத்தத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு திறந்த அளவுக்கு அங்கே பல்லிடைவெளி கூடிப்போய், அடுத்த கியரின் பல் சரியாக உட்காராமல் ஏறி இறங்குகிறது. பசை வைத்து ஒட்டிப் பார்த்தேன், ஒரு கிழமைகூட நிற்கவில்லை. மாற்றுக் கியர் கடல் தாண்டி வரவேண்டும், வந்தாலும் அளவு சரியாக இருக்கவேண்டும். எனவே மெதுவான ஓட்டத்தில் 'டிக், டிக்' கேட்டால் அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள். இதற்காகத்தான் வீடியோ கேட்கும்போது "மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள், சத்தத்தோடு எடுங்கள்" என்று சொல்லவேண்டும். வேகமாக ஓடும் வீடியோவால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

மூன்றாவதுக்கு மருந்தே இல்லை. எஞ்சினின் அடிச்சட்டம் நாகக் கலவையில் வார்த்தது. வார்க்கும்போது ஈயம் போன்ற வேறு உலோகம் கொஞ்சம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து அந்தச் சட்டம் தானாக வீங்கி, வளைந்து, வெடித்துப் பொடியாகும். ஈரக்காற்று அதை வேகப்படுத்தும், எங்கள் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேல்மூடி கழற்ற முடியாமல் இறுகியிருப்பது, எஞ்சினின் நடு முதுகு கொஞ்சம் வளைந்திருப்பது, வைத்திருந்த இடத்தில் சாம்பல் நிறப் பொடி கிடப்பது இதன் அடையாளங்கள். கொழும்பில் ஒருவரிடம் நான் ஆசையோடு வாங்கிய நீராவி எஞ்சின் ஒன்று இப்படித்தான் போனது. படத்தில் கறுப்பு மினுங்க இருந்தது, பக்கவாட்டில் இருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கேட்டிருந்தால் வளைவு தெரிந்திருக்கும். அன்றிலிருந்து தட்டையான மேசையில் எஞ்சினை வைத்து, கமெராவை மேசை மட்டத்துக்கு இறக்கி எடுத்த ஒரு படம் இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

மாமா நேரில் போய்ப் பார்ப்பாரானால் இன்னும் நல்லது. அவரிடம் ஒரு 9 வோல்ட் சதுரப் பற்றரியும் இரண்டு துண்டு வயரும் கொண்டுபோகச் சொல்லுங்கள். எஞ்சினை மல்லாக்கப் பிடித்து, ஒரு வயரை இடப்பக்கச் சில்லிலும் மற்றதை வலப்பக்கச் சில்லிலும் தொட்டால் சில்லுகள் சுற்றவேண்டும். வயரை மாற்றித் தொட்டால் எதிர்த்திசையில் சுற்றவேண்டும். ஒரு திசையில் மட்டும் சுகமாகச் சுற்றி மறுதிசையில் இழுத்தால் உள்ளே ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சில்லுச் சோடியையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சிலவற்றில் கரண்ட் ஏறாமல் இருக்கும். அது பெரும்பாலும் அழுக்குத்தான். சில்லில் வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து பித்தளை மஞ்சள் தெரிகிறதா என்றும் பார்க்கட்டும். தெரிந்தால் நிறைய ஓடிய எஞ்சின்.

ஒரு எஞ்சினுக்குள் டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் அதற்குரிய இலக்கத்தால் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை) சிப் போட்டிருந்தால், முந்திய சொந்தக்காரர் அதன் இலக்கத்தை மாற்றியிருக்கக்கூடும். சாதாரணமாகத் தொடக்க இலக்கம் 3. பல நிறுவனங்களின் சிப்பில் சிவி 8 என்ற அமைப்பு எண்ணில் 8 என்று எழுதினால் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுபக்கம், சிப் இல்லாத பழைய எஞ்சினை டிசிசி பாதையில் ஒருபோதும் வைக்க வேண்டாம். மாறிமாறி வரும் அந்த மின்னழுத்தத்தில் மோட்டர் ரீங்காரமிட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இப்போதைக்கு டிசிசி தேவையில்லை, சாதாரண 12 வோல்ட் டிசி போதும்.

இனி கரண்ட். இதை இரண்டு தரம் வாசியுங்கள், ஏனென்றால் இதில் பிழைத்தால் போவது விளையாட்டுச் சாமான் மட்டுமல்ல.

எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டனும் அப்படியே. ஆகவே லண்டன் கொன்ட்ரோலர் மின்னழுத்தத்தில் ஒத்துப்போகும், சதுர முள்ளுப் பிளக்கும் இங்கே பழக்கமானதுதான். ரொறன்ரோவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அந்தக் கொன்ட்ரோலரை இங்கே செருகினால் சில நொடியில் புகை. ஸ்டெப் டவுன் ரான்ஸ்போமர் போட்டுக் குறைக்கலாமே என்று கேட்பீர்கள். வோல்ட் குறையும், ஹேர்ட்ஸ் மாறாது. 60க்குச் செய்த சின்ன ரான்ஸ்போமர் 50இல் கூடுதலாகச் சூடேறும். ஜப்பானில் இருந்து யாராவது கொண்டுவந்தால் இன்னும் கவனம், அங்கே 100 வோல்ட். ஆனால் பின்னால் உள்ள சிட்டையில் "100 - 240" என்று இருந்தால் எங்கேயும் பாவிக்கலாம். சிட்டை அழிந்திருந்தால் செருகவே வேண்டாம்.

லண்டன் கொன்ட்ரோலரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வயரின் இறப்பர் தோல் வெடித்திருக்கிறதா, வளைத்தால் உதிர்கிறதா என்று பாருங்கள். இரும்புக் கூடு உள்ள பழையதென்றால், தெரிந்த எலெக்ட்ரீசியன் ஒருவரிடம் காட்டாமல் பிள்ளைகள் கைக்குக் கொடுக்க வேண்டாம். வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நிற்கும் வீடுகள் எங்களுடையவை. இன்னொன்று, பல பழைய பிரித்தானியக் கொன்ட்ரோலர்களின் பின்னால் இரண்டு சோடி முனைகள் இருக்கும். ஒன்று 12 வோல்ட் டிசி, இது பாதைக்கு. மற்றது 16 வோல்ட் ஏசி, இது விளக்கு முதலிய சாமான்களுக்கு. பாதையை மாறி ஏசியில் பூட்டினால் எஞ்சின் நகராமல் அதிர்ந்து சூடாகும். இதே காரணத்துக்காகத்தான், ஜேர்மனியில் இருந்து வரும் பழைய நீல நிற மேர்க்ளின் ரான்ஸ்போமரை என் ஸ்கேல் பாதையில் பூட்டவே கூடாது. அது என் ஸ்கேலைவிடப் பெரிய எச்ஓ (1:87) அளவு ஏசி வண்டிகளுக்கானது, திசை மாற்றும்போது ஏறத்தாழ 24 வோல்ட் அடிக்கும்.

எனக்குக் கேட்டால், 12 வோல்ட் 1 அம்பியர் டிசி அடப்டர் ஒன்றையும், மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சர்க்கிட் ஒன்றையும், திசை மாற்ற ஒரு இரட்டைச் சுவிச்சையும் வாங்குங்கள். மூன்றும் எலெக்ட்ரோனிக் சாமான் கடைகளில் கிடைக்கிற பொருள்தான். பழைய ரான்ஸ்போமரைவிடப் பாதுகாப்பு, பழுதானால் நீங்களே மாற்றலாம்.

தண்டவாளத்துக்கு வருவோம். பழைய பையில் மூன்று உலோகம் கலந்து கிடக்கும். மஞ்சளாக இருந்தால் பித்தளை, எங்கள் உப்புக்காற்றில் கெதியாகக் கறுத்துக் கரண்டைத் தடுக்கும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, அது துருப்பிடிக்கும். மாரிமழை ஒன்றுக்குப் பிறகு பாருங்கள், சிவப்புக் கோடு போட்டிருக்கும். வெள்ளி நிறத்தில் காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் நிக்கல் சில்வர், அதையே எடுங்கள். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும் நாகமும்தான். மாமாவின் சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் போதும், அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம். பாதையை மண்தாளால் உரசித் துடைக்க வேண்டாம், விழுந்த கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் படியும்.

அடியில் பிளாஸ்டிக் மேடையோடு வரும் கேட்டோ யூனிட்ராக் பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு துண்டை இன்னொன்றோடு சேர்க்கும் இணைப்பிகளைத்தான் தேய்வு பிடிக்கும், அவற்றைக் கழற்றிப் புதிதாகப் போடலாம். 282 மி.மீ. ஆரை வளைவுகளால் ஒரு வட்டம் போட்டால் விட்டம் 60 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். உங்கள் மேசையின் அகலம் 76 சென்ரிமீற்றர். நீள்வட்டமும் அதற்குள் ஒரு சின்ன நிலையமும் வைக்கலாம்.

பழைய வண்டிகளின் சில்லு விளிம்பு ஆழமானது. உயரம் குறைந்த கோட் 55 தண்டவாளம் (கோட் எண் தண்டவாளத்தின் உயரத்தைக் காட்டும்) சிலவற்றில் அது கட்டைகளின் ஆணித்தலையில் தட்டித் தட்டிப் போகும். பழைய வண்டிக்குக் கோட் 80 பாதைதான் தலையிடி இல்லாதது. பெக்கோவின் கோட் 55 இதற்கு விலக்கு, அதில் ஆழ விளிம்பும் ஓடும்.

கொக்கி பற்றிச் சொன்னேன். பிரித்தானிய, ஐரோப்பியப் பழைய வண்டிகளில் இருப்பது ரப்பிடோ என்ற சதுர மூக்குக் கொக்கி. அமெரிக்க, கனேடிய வண்டிகளில் பழையது ரப்பிடோ, பிந்தியது விரல் மடக்கியது போன்ற நக்கிள் கொக்கி. இரண்டும் ஒன்றோடொன்று மாட்டாது. சுலபமான வழி, ஒரு பெட்டியில் மட்டும் முன்பக்கம் ஒரு வகையும் பின்பக்கம் மற்ற வகையும் போட்டு அதை நடுவில் விடுவது. நான் பல வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ரொறன்ரோ செட்டை ஒதுக்கிவிடாதீர்கள். சொல்லப்போனால் எனக்கு அதில்தான் ஆசை. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23. அந்தக் காலத்தில் கொழும்புத் திட்டம் என்ற சர்வதேச உதவித் திட்டத்தில் கனடா எங்களுக்குத் தந்த எம்2 வகை டீசல் எஞ்சின்களுக்கு ஒன்ராரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணப் பெயர்களே வைத்தார்கள். ஜெனரல் மோட்டர்ஸ் செய்த அந்த வகைக்கு நெருங்கிய உறவுதான் வட அமெரிக்காவில் ஓடிய ஜிபி7, ஜிபி9 டீசல் எஞ்சின்கள். பெரியப்பாவின் செட்டில் அட்லஸ் செய்த ஜிபி7 அல்லது ஜிபி9 ஒன்று இருந்தால், நிறத்தை மாற்றி ஒரு பிள்ளைக்கு "இது எங்கட கோச்சி மாதிரி" என்று காட்டலாம். அச்சொட்டாக வராது. எங்கள் அகலப்பாதை 1676 மி.மீ., 1:160இல் அது பத்தரை மி.மீ. ஆகும், பாதையோ 9 மி.மீ. கணக்கை மனம் ஏற்காவிட்டாலும் கண் ஏற்றுக்கொள்ளும். கணக்கும் சரியாக வரவேண்டும் என்றால் களனிப் பள்ளத்தாக்கின் பழைய குறும்பாதையைப் பாருங்கள். அது 762 மி.மீ., எச்ஓவின் 1:87 விகிதத்தில் 8.76 மி.மீ. என் ஸ்கேல் பாதையிலேயே ஏறத்தாழப் பொருந்திவிடும்.

1990இல் கோச்சி நின்று 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வரும்வரை, எங்களில் ஒரு தலைமுறை தண்டவாளத்தையே காணாமல் வளர்ந்தது. எனக்கு முதலில் ரெயில் என்றால் ஜேர்மனியில் இருந்து சித்தப்பா அனுப்பிய ஒரு சின்னப் பெட்டிதான். அதனால் பெரியப்பா தொட்டு ஓட்டிய எஞ்சின் ஓடாவிட்டாலும் எடுத்து வையுங்கள் என்றே சொல்வேன். காசு கொடுத்து வாங்கும் லண்டன் செட்டுக்குச் சொன்ன கண்டிப்பு இதற்கு இல்லை.

சாமான் வந்தபிறகு வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். பழைய உறைகளில் உள்ள பஞ்சு மெத்தை உக்கி, பிசுபிசுத்து எஞ்சினின் பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து எறிந்துவிட்டு வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். எங்கள் அலுமாரிகளில் பூச்சி உருண்டை போடும் பழக்கம் உண்டு, ரெயில் இருக்கும் தட்டில் அது வேண்டவே வேண்டாம், அந்த ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை மூடியுள்ள பெட்டிக்குள் போடுங்கள். உங்கள் பக்கச் செம்மண் தூசி எண்ணெய் பட்ட சில்லில் ஏறினால் அரம் போல வேலை செய்யும், ஆகவே ஓட்டி முடிந்ததும் மேசையை ஒரு சீலையால் மூடிவிடுங்கள்.

விலை பற்றி என் கணக்கு: ஓட்டிப் பார்க்காத எஞ்சினை ஓடாத எஞ்சினாகவே மதிக்கவேண்டும். மாமாவிடம் சொல்லி, ஆறு பெட்டிக்கும் நிக்கல் சில்வர் பாதைக்கும் மட்டும் ஒரு விலை கேட்கச் சொல்லுங்கள். எஞ்சின் இரண்டையும் விற்பவர் மெதுவாக ஓட்டிக் காட்டினால் தனியாகப் பேசலாம். மேசை மட்டத்தில் எடுத்த படமும் வீடியோவும் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.